நாற்பது சென்ட் வயலும் ஏழு கையெழுத்தும்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் கிளாத்தென் மாவட்டத்தில் இருக்கிறது என் கணவரின் ஊர். 2019 பிப்ரவரியில் அங்கே ஒரு வயலுக்கு முன்பணம் கொடுத்தேன். பத்துக் கோடி ரூபியா. தொகையைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். அன்றைய மதிப்பில் நம் பணம் ஐந்து லட்சம். ஆனால் அது சிங்கப்பூரில் ஏழு ஆண்டுகள் கணக்கு எழுதி நான் சேர்த்தது. அதில் ஒரு பங்கு இன்றுவரை திரும்பவில்லை. அந்த வயலும் என்னிடம் வரவில்லை. வெளிநாட்டில் மணம் செய்துகொண்டு, கணவரின் கிராமத்தில் குடியேறி, ‘நமக்கென்று கொஞ்சம் மண் வேண்டும்’ என்று நினைக்கிற பெண்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அன்று யாராவது என்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல இரவு அழுதிருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவரும் கத்தோலிக்கர், கப்பலில் இயந்திரப் பிரிவில் வேலை. சிங்கப்பூரில் 2013இல் மணந்தோம். மாமனார் இறந்தபின் மாமியார் தனியாக இருந்ததால் 2018இல் கிராமத்துக்கு வந்தேன். கணவர் ஒப்பந்தத்துக்குப் போனால் ஒன்பது மாதம் கழித்துத்தான் வருவார். ஆக வீட்டில் நானும் மாமியாரும்தான். அவரை இபு என்று அழைப்பேன். அம்மா என்று பொருள். 2006 மே 27 நிலநடுக்கத்தில் இடிந்து, பிறகு கட்டிய வீடு எங்களுடையது. வடமேற்கே மெராப்பி எரிமலை புகைந்துகொண்டிருக்கும். முன்புறம் வயல். முதல் நாள் காலையில் கதவைத் திறந்து வரப்பையும் மடையையும் நாற்றங்காலையும் பார்த்தபோது, எனக்குத் தெரிந்த இடத்துக்கே வந்துவிட்டேன் என்று நம்பினேன். நெல் தெரியும், தண்ணீர் தெரியும், பங்காளிச் சண்டையும் தெரியும் என்ற அந்தத் தைரியம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

எங்கள் வீட்டை ஒட்டி 1,600 சதுர மீட்டர் வயல் ஒன்று இருந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய நாற்பது சென்ட். அதன் சொந்தக்காரர் இபுவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஊரே அவரைப் பாக்டே என்று அழைக்கும், பெரியப்பா என்று அர்த்தம். ஒரு மாலை காப்பி குடிக்க வந்தவர், “வெளியாருக்கு விற்க மனமில்லை, ம்பாக். நீங்கள் எடுத்துக்கொண்டால் குடும்பத்திலேயே இருக்கும்” என்றார். ம்பாக் என்றால் அக்கா. சதுர மீட்டர் இரண்டே கால் லட்சம் ரூபியா. மொத்தம் முப்பத்தாறு கோடி. வாட்ஸப்பில் கணவரிடம் கேட்டேன். கப்பலில் இணைப்பு கிடைத்து அவர் பதில் அனுப்ப நான்கு நாள் ஆனது. “இபு சரி என்றால் சரி” என்றார். இபுவிடம் கேட்டேன். “இங்கி” என்றார். ஜாவா மொழியில் மரியாதையான ‘ஆம்’.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் என் தவறு தொடங்கிய இடம் இதுதான். அந்த ‘இங்கி’க்கு ‘நீங்கள் சொல்வது காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. ஜாவாக்காரர்களிடம் பக்கேவு என்று ஒரு குணம் உண்டு. எதிரில் இருப்பவர் முகம் வாடும்படி ஒன்றைச் சொல்லக் கூசுவது. உறவினர் ஒருவர் விற்கிறார், மருமகள் ஆசையாக வாங்குகிறாள். நடுவில் நின்று “வேண்டாம், அந்த நிலத்தில் வில்லங்கம் இருக்கிறது” என்று சொல்ல இபுவால் முடியவில்லை. பிறகு எனக்குத் தெரிந்தது, ஊரில் எல்லோருக்கும் அந்த வில்லங்கம் தெரியும் என்று. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் உண்மையையும் சொல்லவில்லை. இதை நினைத்து மாதக்கணக்கில் மனம் கசந்தேன். இப்போது கோபம் இல்லை. ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்வேன்: “வாங்கலாமா?” என்று கேட்காதீர்கள். யாரும் “கூடாது” என்று சொல்லமாட்டார்கள். “இந்த வயல் யாருடைய அப்பா காலத்தில் வந்தது? அவருக்கு எத்தனை பிள்ளைகள்? இப்போது நெல்லை யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்?” என்று கேளுங்கள். கதையாகக் கேட்டால் கதையாகச் சொல்வார்கள். அந்தக் கதைக்குள் உங்களுக்கு வேண்டியது இருக்கும்.

பணம் கொடுத்த நாள் நினைவிருக்கிறது. கிராமத் தலைவரும் வந்திருந்தார். சிட்டைத் தாளில் ரசீது எழுதி, ஆறாயிரம் ரூபியா மெத்தெராய் ஒட்டி, அதன் மேல் பாக்டே கையெழுத்திட்டார். மெத்தெராய் என்பது நம் ஊர் ரெவின்யூ ஸ்டாம்ப் மாதிரி. 2021 முதல் அது பத்தாயிரம். ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், பத்திரம் மாதிரிதான் என்று எண்ணிக்கொண்டேன். நிலத்தின் தாளாக அவர் காட்டியது லெத்தெர் செ என்ற கிராமப் பதிவேட்டின் நகலும் அந்த ஆண்டின் வரிச் சீட்டும். வரிச் சீட்டு வரி கட்டியதற்குத்தான் சான்று. லெத்தெர் செ பழைய வரிப் பதிவேட்டிலிருந்து வந்தது. உரிமைச் சான்று என்றால் நில அலுவலகம் தரும் செர்த்திஃபிகாட் ஒன்றுதான். அந்த நகலில் இருந்த பெயர் பாக்டேவுடையதுகூட இல்லை, அவருடைய அப்பாவின் பெயர். அவர் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதைப் பார்த்தும் நான் கேட்கவில்லை. அப்பா நிலம் மகனுக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தஞ்சாவூரில் என் சொந்தச் சித்தப்பாவிடம் வாங்கினால்கூட வாரிசுச் சான்று கேட்டிருப்பேன். அந்நிய ஊரில் கேட்கக் கூச்சப்பட்டேன். என்னையும் பக்கேவு பிடித்துக்கொண்டது.

ஏப்ரலில் நோட்டாரிஸ் அலுவலகத்துக்குப் போனேன். நிலக் கிரயம் எழுதும் அதிகாரம் பெற்ற அலுவலரை பெ-பெ-ஆ-தெ என்பார்கள், பெரும்பாலும் நோட்டாரிஸே அந்த வேலையையும் செய்வார். நடுத்தர வயதுப் பெண்மணி. நான் கொண்டுபோன தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எனக்குத் தேநீர் வரவழைத்தார். பிறகு மெதுவாக நான்கு விஷயங்கள் சொன்னார். அன்று அந்த அறையில் மின்விசிறி ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

முதலாவது, என் திருமணம். 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டப்படி முழு உரிமை, அதாவது ஹாக் மிலிக், இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். என் கணவர் குடிமகன்தான். ஆனால் 1974 திருமணச் சட்டப்படி, மணவாழ்வில் சேரும் சொத்து இருவருக்கும் பொது. அதில் பாதி, வெளிநாட்டவளான என்னுடையதாகிவிடும் என்பதால் அவராலும் வாங்க முடியாது. சொத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் இருந்தால் முடியும். முன்பெல்லாம் அதைத் திருமணத்துக்கு முன்போ திருமணத்தின்போதோ எழுத வேண்டும். வெளிநாட்டவரை மணந்த ஓர் இந்தோனேசியப் பெண் தொடுத்த வழக்கில், அரசியல் சாசன நீதிமன்றம் 2016 அக்டோபரில் திருமணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்பளித்தது. நோட்டாரிஸ் முன் எழுதிக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். எங்கள் திருமணம் சிங்கப்பூரில் நடந்தது. இங்கே வந்தபின் அதைப் பதியவே இல்லை. ஆகவே முதலில் அது, பிறகு இது. கணவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், அவரோ ஆப்பிரிக்கக் கடலில் இருந்தார்.

இரண்டாவது, என் கணவருடைய அடையாள அட்டை முகவரி ஜகார்த்தாவை ஒட்டிய பெக்காசி நகரில் இருந்தது. விளைநிலம் எந்த வட்டத்தில் இருக்கிறதோ அந்த வட்டத்தில் குடியிருப்பவர்தான் அதை வைத்திருக்கலாம் என்று 1961ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று சொல்கிறது. நகரத்தார் கிராமத்து வயலை வாங்கிப் போட்டுவிட்டு ஊரில் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது நோக்கம். நல்ல சட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன், அன்று என் வழியில் நின்றாலும். மூன்றாவது, அந்த வயல் பாதுகாக்கப்பட்ட நெல் நிலம், பச்சை மண்டலம். அதில் வீடு எழுப்ப முடியாது. பின்னாளில் ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு என்று நான் கண்ட கனவு அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

நான்காவதுதான் பெரிய அடி. “நிலம் இறந்தவர் பெயரில் இருக்கிறது. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை பேர் என்று தெரியுமா?” எனக்குத் தெரியாது. அன்று மாலை பாக்டே விரல் விட்டு எண்ணினார். உயிரோடு இருப்பவர்கள் ஐந்து பேர், அவரையும் சேர்த்து. இறந்த தங்கைக்கு பாண்டுங் நகரில் இரண்டு பிள்ளைகள். ஏழு கையெழுத்து. அந்த ஐவரில் மூத்தவர் 1980களின் தொடக்கத்தில் அரசுக் குடியேற்றத் திட்டத்தில் சுமத்திராவின் லாம்புங்குக்குப் போனவர். “அண்ணனுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். பாக்டே சிகரெட்டைப் பார்த்தபடி, “தெரிந்துகொள்வார்” என்றார்.

இன்னொன்று அப்போதும் எனக்குத் தெரியாது. அந்த வயலில் வேறொருவர் நட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அவரைப் பாக்லெக், சித்தப்பா, என்போம். அவர் வாரத்துக்கு உழுகிறார் என்று நினைத்தேன். இங்கே அதை மாரோ என்பார்கள், விளைச்சலில் பாதிக்குப் பாதி. ஒருநாள் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அவர் மனைவியிடம், “பாதி நெல்லை பாக்டே வீட்டுக்கு எப்போது அனுப்புவீர்கள்?” என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் முகம் மாறியது. “பாதியா? முழுதும் எங்களுக்குத்தானே, ம்பாக். செண்டே அல்லவா?” செண்டே என்றால் நம் ஊர் ஒத்தி. பணம் கொடுத்து நிலத்தை அனுபவிப்பது, பணம் திரும்பும்வரை. பதினொரு ஆண்டாக ஒத்தி. நான் கொடுத்த பத்துக் கோடியில் பாக்டே ஒத்தியை மீட்டிருக்கலாம். மீட்கவில்லை. மகனுக்குத் திருமணம் செய்தார், கடன் அடைத்தார்.

நில அலுவலகத்திலும் நோட்டாரிஸிடமும் விசாரித்தபோது, 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஏழு ஆண்டு கடந்த ஒத்தி நிலத்தைப் பணம் வாங்காமலே திருப்பித் தர வேண்டும் என்று தெரிந்தது. எனக்குப் பிடி கிடைத்த மாதிரி இருந்தது. அதை வீட்டில் சொன்னேன். அதுவரை எதற்கும் இங்கி சொன்ன இபு முதன்முறையாக என்னிடம் குரல் உயர்த்தினார். “பாக்டேவின் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாக்லெக் இரண்டு மாட்டை விற்றுக் கொடுத்த பணம் அது. சட்டப் புத்தகத்தைக் காட்டி அவனை வரப்பிலிருந்து இறக்குவாயா? நாளைக்கு இந்த வீட்டில் சாவு விழுந்தால் யார் பாடை தூக்க வருவார்கள்?” நான் வாயடைத்துப் போனேன். சட்டம் என் பக்கம் இருந்தது உண்மை. அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு அந்த ஊரில் வாழ முடியாது என்பதும் உண்மை. ஆகவே நிலம் வாங்கும் யாருக்கும் என் முதல் அறிவுரை: தாளைப் பார்ப்பதற்கு முன் வயலில் குனிந்து நிற்பவரிடம் போய்ப் பேசுங்கள். விற்பவர் வீட்டுத் திண்ணையில் கிடைக்காத செய்தி அங்கே கிடைக்கும். எனக்கு அது இரண்டு மாதம் தாமதமாகக் கிடைத்தது.

ஜூலையில் நான் தனியாக லாம்புங் போனேன். பாக்டே வரவில்லை, முழங்கால் வலி என்றார். பஸ்ஸில் ஜாவாவின் மேற்கு முனையான மெராக் துறைமுகம், அங்கிருந்து படகில் பஸ்ஸோடு சுந்தா நீரிணையைக் கடந்து பக்காவுஹெனி, பிறகு மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே உள்நாட்டுக்குள். ஒரு பகல் ஒரு இரவுக்கு மேல் ஆனது. ஜாவாவில் நெரிசல் என்று 1905இல் டச்சுக்காரர்கள் முதன்முதலில் குடும்பங்களை ஏற்றி அனுப்பியதும் லாம்புங்குக்குத்தான். அதனால் அங்கே ஊருக்கு ஊர் ஜாவாப் பேச்சு. பெரியவர் வீட்டு வாசலில் நின்று “குலோ நுவுன்” என்று குரல் கொடுத்தபோது, கிளாத்தெனில் கேட்கும் அதே தொனியில் “மொங்கோ” என்று பதில் வந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

எழுபது வயது மனிதர். குடியேறியபோது அரசு கொடுத்த இரண்டு ஹெக்டேரில் ஒன்றை விற்றுவிட்டார், மற்றதில் மரவள்ளி. நான் தாள்களை எடுக்கவே விடவில்லை, முதலில் சாப்பிடச் சொன்னார். பிறகு கேட்டார், “தம்பி எவ்வளவுக்கு விற்கிறான்?” முப்பத்தாறு கோடி என்றேன். அவருக்குத் தம்பி ஃபோனில் சொல்லியிருந்த தொகை பன்னிரண்டு. அறையில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: “பணத்துக்காக இல்லை, மகளே. நான் போகும்போது அந்த வரப்பில் நின்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன், திரும்பி வருவேன் என்று. விற்கிறோம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.” அவர் மீது எனக்குக் கோபமே வரவில்லை. அவர் மனைவி வழிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். திரும்பும் படகில் கரை சேரும்வரை மேல்தளத்தில் நின்றேன். கணவருக்குச் செய்தி எழுதி எழுதி அழித்தேன். அவர் இணைப்புக்கு வர இன்னும் ஆறு நாள் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு தரகர் தேடி வந்தார். “ஒப்பந்தமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். ஊரில் ஒருவர் பெயரில் வேறு நிலம் வாங்குவோம். அவர் உங்களுக்குக் கடன்பட்டதாக ஒரு தாள் எழுதிக்கொள்வோம்” என்றார். களைத்துப் போயிருந்த எனக்கு அது சுலபமாகத் தெரிந்தது. நோட்டாரிஸ் அம்மாவிடம் கேட்டேன். நிலச் சட்டத்தின் 26ஆம் பிரிவை எடுத்து வாசித்துக் காட்டினார். நேராகவோ சுற்றுவழியாகவோ வெளிநாட்டவர் கைக்கு ஹாக் மிலிக் போனால் அந்தக் கைமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. பினாமி முறையில் வாங்கிய வெளிநாட்டவர் பலர் பாலியில் கையைச் சுட்டுக்கொண்டதையும் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை. கிராமத்தில் எதையும் தொடங்குமுன் இப்படிப்பட்ட ஒருவரிடம் போய் உட்காருங்கள். பேரம் பேசி முடித்தபிறகு போவதால் பயன் இல்லை.

கிரயம் முறிந்தது. பணம் திரும்பி வந்த கதை சுருக்கமானது, கசப்பானது. பாக்டே மறுக்கவில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் கொஞ்சம் தருவதாகச் சொன்னார். ஒரு முறை இரண்டு கோடி, ஒரு முறை எண்பது லட்சம், ஒரு முறை நெல்லாக. 2020இல் தொற்று வந்து அவர் மகன் வேலை இழந்தான். 2021 முடிவில் ஆறரைக் கோடி வந்து சேர்ந்திருந்தது. மூன்றரைக் கோடி நின்றுபோனது. பயணம், நோட்டாரிஸ், மொழிபெயர்ப்புத் தாள்கள் என்று இன்னொரு இரண்டு கோடி. நம் பணத்தில் மொத்தம் இரண்டே முக்கால் லட்சத்துக்குப் பக்கம். நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம் என்று சிங்கப்பூர் தோழிகள் சொன்னார்கள். அவர்கள் யாரும் இபுவோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை.

நிலம் கிடைக்காத அந்த ஆண்டுகளில்தான் நான் உண்மையில் ஊருக்குள் வந்தேன் என்று சொல்ல வேண்டும். வேறு ஒரு வயலில் ஆயிரம் சதுர மீட்டரை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தேன். மனமார இதையே பரிந்துரைப்பேன்: வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டு குத்தகைக்கு எடுத்து நடுங்கள். தண்ணீர் எந்த மாதம் கடைமடைக்கு எட்டாது, எந்த வரப்பு அண்டைக்காரரின் மண்வெட்டியில் ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது என்பதெல்லாம் நட்டால்தான் தெரியும். எங்கள் ஊரில் தண்ணீரைத் திருப்பிவிடும் பொறுப்பு ஊலு-ஊலு என்பவருக்கு, நம் பக்கத்து நீர்ப்பாய்ச்சி மாதிரி. அவரிடம் பேசாமல் மடையில் கை வைத்தால் அன்றோடு பகை. மானிய உரம் வேண்டுமானால் உழவர் குழுவில் பெயர் பதிந்திருக்க வேண்டும், பட்டியலில் இல்லாதவருக்குக் கடையில் முழு விலை. நான் பதியாமல் போனதால் முதல் போகத்தில் யூரியாவுக்கே இரட்டைச் செலவு. 2010இலும் 2011இலும் கிளாத்தென் வயல்களைப் புகையான் பூச்சி எரித்ததைப் பற்றி முதியவர்கள் இன்னும் பேசுவார்கள். அதனால் பக்கத்து வயல்களோடு ஒரே சமயத்தில் நடுங்கள், நான் மட்டும் முந்துவேன் என்று போகாதீர்கள், எலியும் பூச்சியும் தனித்து நிற்கும் பயிரைத்தான் தேடி வரும். எலிக்காகச் சிலர் இரவில் வயலைச் சுற்றி மின்கம்பி ஓட்டுகிறார்கள். ஸ்ராகென் மாவட்டத்தில் அதில் பலர் செத்திருக்கிறார்கள். இருட்டில் அறியாத வரப்பில் கால் வைக்காதீர்கள்.

செலவுக் கணக்கில் யாரும் எழுதாத ஒன்று மொய். இங்கே ஞும்பாங் என்பார்கள். ஜாவா நாட்காட்டியில் பெசார் மாதம் வந்தால் வாரத்துக்கு மூன்று நான்கு திருமணம், ஒவ்வொன்றுக்கும் உறையில் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ. முதல் ஆண்டு அதை வீண் செலவு என்று மனத்துக்குள் முனகினேன். பிறகு விசேஷ வீடுகளில் பெண்கள் கூடிச் சமைக்கும் ரெவாங்குக்குப் போகத் தொடங்கினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே பேசும் அந்த அடுப்பங்கரையில்தான் எந்த நிலம் யாரிடம் ஒத்தியில் இருக்கிறது, எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை முடியவில்லை, யார் வீட்டு செர்த்திஃபிகாட் வங்கி அடகில் இருக்கிறது என்பதெல்லாம் வெளிவரும். 2018இலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தால் என் பத்துக் கோடி என்னிடமே இருந்திருக்கும்.

பிற்பாடு வாங்கியதைப் பற்றிக் கொஞ்சம். கணவர் விடுப்பில் வந்தபோது திருமணத்தைப் பதிந்து, சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் எழுதி, அவருடைய அட்டையை இந்த ஊருக்கு மாற்றினோம். 2023இல் எழுநூறு சதுர மீட்டர் வயல் வாங்கினோம், அவர் பெயரில். விற்றவர் பெயரிலேயே செர்த்திஃபிகாட் இருந்தது. நோட்டாரிஸ் அதை நில அலுவலகத்தில் சரிபார்த்த பிறகுதான் ஒரு ரூபியாவைத் தொட்டேன். ‘செந்து தானாகு’ என்ற நில அலுவலகச் செயலியில் மனையின் வடிவத்தையும் பார்த்துக்கொண்டேன். நான்கு எல்லைக்காரர்களையும் வரப்பில் நிறுத்தி மூலைக் கல் நட்டோம். முழுப் பணமும் கிரயப் பத்திரம் கையெழுத்தான அதே மேசையில் கைமாறியது. விலைக்கு மேல் வாங்குபவர் வரி ஐந்து சதவீதம், அதில் மாவட்டம் விலக்கும் தொகை கழியும். விற்பவருக்கு இரண்டரை சதவீதம். அவர்கள் பெரும்பாலும் ‘கைக்கு இவ்வளவு’ என்று பேசி அதையும் உங்கள் தலையில் வைப்பார்கள், முன்னாலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதுபவருக்கு அதிகபட்சம் ஒரு சதவீதம். எல்லாம் முடிய ஏழு வாரம். அவ்வளவுதான்.

பாக்டே 2022 ஆகஸ்டில் இறந்தார். ஊர் முழுக்க அவர் முற்றத்தில் கூடியிருந்தோம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. உடலை எடுக்குமுன் குடும்பத்தின் சார்பில் ஒருவர் எழுந்து, இறந்தவர் செய்த தவறுகளை மன்னிக்கும்படி கேட்பார். யாருக்காவது அவர் கடன்பட்டிருந்தால் வாரிசுகளிடம் வந்து தெரிவிக்கும்படியும் சொல்வார். அன்று அதைச் சொன்னபோது முற்றத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். பாக்லெக் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவருடைய ஒத்தியும் அப்போது மீளவில்லை. இபு என் கையைப் பிடித்துக்கொண்டார். மெத்தெராய் ஒட்டிய அந்த ரசீது வீட்டில் அலமாரிக்குள் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. பாடைக்குப் பின்னால் இடுகாடுவரை நடந்தேன்.

ஏழாம் நாள் பிரார்த்தனை முடிந்த மறுநாள் அவருடைய மகள் வந்தாள். சுராபாயாவில் தொழிற்சாலை வேலை செய்கிறவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அந்த ரசீதை நான் பார்க்கலாமா, ம்பாக்?” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பின்புறம் நான் பென்சிலால் எழுதி வைத்திருந்த வரவுகளையும் படித்தாள், ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள், இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் எங்கள் திண்ணையில் ஒரு மூட்டை நெல் இருக்கும். யார் வைத்தது என்று இபு கேட்பதில்லை. நான் எடை போட்டு, அன்றைய விலையைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். போன வாரமும் வந்தது, நாற்பத்திரண்டு கிலோ.